கல்லூரி குவாட்டர்பேக் என்எஃப்எல்லில் தேறுவாரா? நான் கணிக்கும் முறை, படிப்படியாக

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்டு என்று பெயர். 2018 ஏப்ரலில் நடந்த டிராஃப்டுக்கு முன்பு, வயோமிங் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோஷ் ஆலன் பெயரை என் பட்டியலிலிருந்து ஒரே கோட்டில் அடித்துவிட்டேன். அவர் வீசிய பந்துகளில் நூற்றுக்கு 56 மட்டுமே சக வீரர்களின் கைக்குப் போயிருந்தன. அதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எறியும் அழகில் மயங்கி நான் உச்சியில் வைத்திருந்த ஜோஷ் ரோசனை 10ஆவது இடத்தில் எடுத்த அரிசோனா அணி, அடுத்த ஆண்டே மயாமிக்கு அனுப்பிவிட்டது. 7ஆவது இடத்தில் பஃபலோவுக்குப் போன ஆலனோ 2020இல் 69.2 விழுக்காடு துல்லியத்துடன் 37 டச்டவுன் வீச்சுகளைப் பதிவு செய்தார். 2024 பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

அந்தச் சறுக்கலுக்குப் பிறகு நான் வகுத்துக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எத்தனை ஆட்டங்களைத் தொடங்கினார்?

குறைந்த ஆட்டங்களை வைத்து எடுக்கும் முடிவு ஏறக்குறைய சூதாட்டம்தான். 2017இல் 2ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட மிட்செல் ட்ருபிஸ்கி கல்லூரியில் தொடங்கியது 13 ஆட்டங்கள். 2021இல் 3ஆவது இடத்தில் போன ட்ரே லான்ஸ் 17. இருவருமே எடுத்த அணிகளின் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. இதற்கு நேர்மாறாக, ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரே பருவம் ஆடிய கேம் நியூட்டன் 2015இல் மிக மதிப்புமிக்க வீரரானார். ஆகவே இது எச்சரிக்கை விளக்கு மட்டுமே. பத்து நிமிடத்துக்கு மேல் இதில் செலவிட வேண்டாம்.

படி 2: துல்லிய விழுக்காட்டை ஒதுக்கிவைத்து, ஒரு வீச்சுக்கான யார்டைக் கணக்கிடுங்கள்

துல்லிய விழுக்காடு ஏமாற்றும். ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் நிற்பவரிடம் கொடுக்கும் ஸ்க்ரீன் பாஸும், 25 யார்டு தள்ளி இருவருக்கு நடுவே செருகும் பந்தும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. நான் பயன்படுத்தும் சூத்திரம் இது: மொத்த யார்டுகளோடு ஒவ்வொரு டச்டவுனுக்கும் 20 கூட்டி, ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு) 45 கழித்து, வந்ததை மொத்த வீச்சுகளால் வகுக்க வேண்டும்.

லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யூ) ஜோ பர்ரோ 2019இல் 527 வீச்சுகளில் 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன் பதிவு செய்தார். கணக்கிட்டால் 12.5 வரும். டெக்சஸ் டெக்கில் 2016இல் பேட்ரிக் மஹோம்ஸ் 591 வீச்சுகளில் 5,052 யார்டு, 41 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன், விடை 9.2. ஆலனின் 2017 பருவத்துக்கு 6.9தான் வருகிறது. சூத்திரத்தை மாற்றியும் நான் அவரைத் தவறவிட்டிருப்பேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எண்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தளமே போதும். வீரருக்கு மதிப்பெண் தரும் கட்டணத் தளங்களை நான் நிறுத்திவிட்டேன். இன்னொருவர் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டால் நம் கண் அதையே தேடத் தொடங்கிவிடும்.

படி 3: சேக் கணக்கைத் தோண்டி எடுங்கள்

என்னை ஒரு முழுப் பருவம் குழப்பிய இடம் இதுதான், ஆகையால் நிதானமாகச் சொல்கிறேன். பந்தை எறியுமுன் குவாட்டர்பேக் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தப்படுவதுதான் சேக். அதில் இழக்கும் யார்டுகளை என்எஃப்எல் அணியின் வீச்சுக் கணக்கில் கழிக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் அதே இழப்பு குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகிறது. இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, “இவர் வீச்சில் வல்லவர், ஆனால் ஓடத் தெரியாதவர்” என்று நான் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் நோட்டில் இருக்கின்றன.

கற்பனையாக ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 30 முறை வீசி 240 யார்டு எடுக்கிறார்; 5 முறை ஓடி 50 யார்டு எடுக்கிறார்; 4 முறை சேக் ஆகி 28 யார்டு இழக்கிறார். கல்லூரி அட்டவணையில் அவர் வீச்சுக்கு 8 யார்டு எடுத்தவராகவும், 9 முறை ஓடி 22 யார்டு மட்டும் எடுத்த மந்தமான ஓட்டக்காரராகவும் தெரிவார். என்எஃப்எல் வழியில் பார்த்தால் 240இலிருந்து 28 போக 212. அதை 34ஆல் வகுத்தால் 6.2. நன்றாக ஓடக்கூடிய, ஆனால் பந்தை நெடுநேரம் கையில் வைத்திருக்கும் மனிதர் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறார்.

சேக் எண்ணிக்கை குவாட்டர்பேக்கின் வரியில் இருக்காது; எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் வரியில் இருக்கும். அங்கிருந்து எடுத்து ஆட்ட வாரியாகக் கூட்ட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் சேக் வாங்கும் பழக்கம், அவரைக் காக்கும் சொந்த அணித் தடுப்பு வரிசையின் குறையாக மட்டும் இல்லாமல், பெரும்பாலும் குவாட்டர்பேக்கோடு சேர்ந்தே அடுத்த மட்டத்துக்கும் பயணிக்கிறது.

படி 4: மூன்றாம் டவுனை மட்டும் பாருங்கள்

முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டாம். அந்தப் பருவத்தின் வலிமையான எதிரணியுடன் ஒன்று, வெளியூரில் ஒன்று, தோற்றது ஒன்று என மூன்று ஆட்டங்களை எடுத்து, மூன்றாம் டவுனில் (10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டோ அதற்கு மேலோ தேவைப்பட்ட முயற்சிகளை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த நிலையில் வீச்சு வரப்போகிறது என்று அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். ஓடுவதுபோல் போக்குக்காட்டி யாரையும் ஏமாற்ற முடியாது. ஸ்க்ரீன் பாஸும் பெரும்பாலும் போதாது. கல்லூரி ஆட்டம் என்எஃப்எல்லுக்கு மிக அருகில் வருவது அங்கேதான். ஓட்டமா வீச்சா என்பதை ஸ்நாப்புக்குப் பிறகு (பந்து குவாட்டர்பேக்கின் கைக்கு வந்தபின்) முடிவு செய்யும் ஆர்பிஓ முயற்சிகளைக் கழித்துவிடுங்கள். கல்லூரியில் தடுப்பு வரிசை வீரர் 3 யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஆகவே அங்கே எளிதாகக் கிடைத்தது இங்கே அப்படியே கிடைக்காது.

வெட்டியெடுத்த ஒவ்வொரு முயற்சியையும் மூன்று முறை பாருங்கள். முதல் முறை பந்து. இரண்டாம் முறை கால்கள். மூன்றாம் முறை தலைக்கவசம். யூடியூபில் நிறுத்திவைத்துக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் சட்டகம் சட்டகமாகப் பின்னும் முன்னும் நகரும். கால்களைப் பார்க்கும்போது, வலப்பக்கத்திலிருந்து ஒருவர் பாய்ந்து வரும் கணத்தில் குவாட்டர்பேக் அரை அடி முன்னே எடுத்துவைத்துப் பார்வையைத் தாழ்த்தாமல் எறிகிறாரா, அல்லது பின்வாங்கி வட்டமடித்து ஓடுகிறாரா என்பதைக் குறியுங்கள். டாம் பிரேடி ஓட்டக்காரர் அல்லர்; அந்த அரை அடியில் வாழ்ந்தவர். தலைக்கவசம் எங்கே திரும்புகிறது என்பது குவாட்டர்பேக் எத்தனை ரிசீவர்களை (பந்தைப் பிடிக்க ஓடும் சக வீரர்களை) பார்த்தார் என்பதைச் சொல்லும். முதல் ஆள் அடைபட்டவுடன் கவசம் மறுபக்கம் திரும்பி, காலும் கூடவே திரும்பினால் அது நல்ல அறிகுறி. கவசம் திரும்பிக் கால் அங்கேயே நின்றால் அடுத்த பந்து பெரும்பாலும் தரையில்தான் விழும்.

இன்னொன்று. ஒவ்வொரு முயற்சியும் ஹாஷ் கோடுகளிலோ அவற்றுக்கு இடையிலோதான் தொடங்கும். கல்லூரித் திடலில் அந்தக் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து இடது ஹாஷில் இருக்க, வலது ஓரக்கோட்டருகே 12 யார்டு ஆழத்தில் வீசினால், பந்து குறுக்கே மட்டும் 100 அடி கடக்க வேண்டும். அட்டவணையில் 12 யார்டு என்று பதிவாகும் அந்தப் பந்து, குவாட்டர்பேக் 7 யார்டு பின்னே நின்றால், காற்றில் ஏறத்தாழ 38 யார்டு பறந்திருக்கும். கையின் வலிமையை அறிய நான் தேடுவது இந்த வீச்சைத்தான். 60 யார்டு வானவேடிக்கையை அல்ல.

எழுத நோட்டுப் புத்தகமே சிறந்தது. விரிதாளில் கட்டம் கட்டமாக நிரப்பும்போது ஓரத்தில் சிறு படம் போட முடியாது.

படி 5: உயரமும் இண்டியானாபோலிஸும்

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸில் நடக்கும் காம்பைனுக்கு (டிராஃப்டுக்கு வருபவர்களை அளந்து சோதிக்கும் முகாம்) ஒரு மணி நேரம் போதும். 6 அடி உயர ட்ரூ பிரீஸும் 5 அடி 11 அங்குல ரஸ்ஸல் வில்சனும் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றுவிட்டார்கள். அசுரக் கை கொண்ட ஜமார்கஸ் ரஸ்ஸல் 2007இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, 18 டச்டவுன், 23 இன்டர்செப்ஷனோடு முடிந்துபோனார்.

படி 6: எந்த அணிக்குப் போகிறார்?

டிராஃப்டு முடிந்த பிறகே இந்தப் படி, அதனால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 2016இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட ஜாரெட் காஃப் முதல் பருவத்தில் தொடங்கிய 7 ஆட்டங்களிலும் தோற்றார். 5 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்ததும் அதே மனிதர் 28 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். டேவிட் கார் 2002இல் புதிய அணியான ஹூஸ்டனில் ஒரே பருவத்தில் 76 முறை வீழ்த்தப்பட்டார். மஹோம்ஸுக்கோ, அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஓராண்டு உட்கார்ந்து கற்க வாய்த்தது. நான் பார்ப்பவை இரண்டே: தலைமைப் பயிற்சியாளர் இன்னும் இரண்டு ஆண்டாவது பதவியில் நீடிப்பாரா, குவாட்டர்பேக்கைக் காக்கும் இடப்பக்க டேக்கிள் யார்.

பின்சேர்க்கை: படி 1ஐ இப்போது நம்பலாமா என்று ஒரு வாசகர் கேட்டது நியாயமே. ஒருவர் கல்லூரியில் ஆடக்கூடிய ஆண்டுகளின் கணக்கில் 2020 பருவம் சேர்க்கப்படாததாலும், கல்லூரி மாறுவது எளிதானதாலும் எண்ணிக்கை வீங்கிவிட்டது. போ நிக்ஸ் 61 ஆட்டங்களைத் தொடங்கி, 24 வயதில் 2024 டிராஃப்டுக்கு வந்தார். அத்தகையவர்களுக்கு இப்போது 21 வயது வரை ஆடியதைத் தனிப் பத்தியிலும் அதற்குப் பிந்தையதை வேறு பத்தியிலும் எழுதுகிறேன். 19 வயதுப் பையன்களை எதிர்த்து 23 வயதுக்காரர் எடுத்த எண்களுக்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

மற்றொரு பின்சேர்க்கை: இம்முறையில் இன்று ஆலன் தேறுவாரா என்று பலர் கேட்டுவிட்டார்கள். படி 2இல் தோற்பார், படி 4இன் குறுக்கு வீச்சில் முழு மதிப்பெண் வாங்குவார். என் நோட்டில் அவர் பக்கத்தில் இப்போது “ஐயம்” என்று இருக்கிறது. பழைய கோட்டை அழிக்கவில்லை.