யெல்லோஸ்டோன் தொடரை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது

அமெரிக்காவின் மொன்டானா மலைப்பக்கம் டட்டன் குடும்பத்தின் மாட்டுப் பண்ணை. அந்த மண்ணைக் குறிவைத்து விமான நிலையம் கட்ட வரும் கம்பனி ஒரு பக்கம், தங்கள் மூதாதையரின் பூமியைத் திரும்பக் கேட்கும் பூர்வகுடிகள் இன்னொரு பக்கம். 2018 முதல் 2024 வரை 5 சீசன், 53 எபிசோட். முதல் எபிசோடே ஒன்றரை மணி நேரம் ஓடும். பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். கொலையும் கெட்ட வார்த்தையும் நிறைய.

ஆண்டு வரிசைப்படி, டட்டன்களின் மூதாதையர் கதையான '1883' தொடரில் தொடங்கச் சொல்வார்கள். வேண்டாம். முதலில் யெல்லோஸ்டோனின் 4 சீசன், 39 எபிசோட். நான்காவது சீசனின் தொடக்கத்தில் 1893இல் நடக்கும் காட்சி ஒன்று வரும். ஆட்கள் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த சீசன் முடிந்ததும் '1883'இன் 10 எபிசோடையும் பார்த்தால் விளங்கிவிடும். அதன் பிறகு ஐந்தாவது சீசன். '1883'இல் சொல்லப்படும் ஒரு வாக்கின் மேல்தான் கடைசி எபிசோட் நிற்கிறது. '1883'ஐப் பார்க்காமல் தாண்டிப் போனால் முடிவு சப்பென்றாகிவிடும்.

ஆட்களைக் குழப்பிக்கொள்ளாமலிருக்க ஒரு தாளில் எழுதி வையுங்கள். தகப்பன் ஜான், பிள்ளைகள் லீ, ஜேமி, பெத், கேசி, பண்ணைக்குக் கங்காணி போல ரிப், பூர்வகுடித் தலைவர் ரெயின்வாட்டர். பேச்சு வேகமாக இருப்பதால் ஆங்கில சப்டைட்டில் அவசியம். 'ட்ரெயின் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போ' என்றால் ஆளைத் தீர்த்துக்கட்டு என்று பொருள். அங்கே ரயிலே கிடையாது.

காணிப் பேச்சுதான் கதையின் உயிர். ஏக்கர் என்று காதில் விழும்போதெல்லாம் 160ஆல் பெருக்கி, இலங்கையில் காணி அளக்கும் பேர்ச்சாக்குங்கள். தேயிலைத் தோட்டத்தில் வீடு கட்டக் கொடுத்துவந்த 7 பேர்ச் கணக்கில் ஓர் ஏக்கரில் 22 வீட்டுக்காணி அடங்கும். அப்போதுதான் டட்டன்களின் சொத்து எவ்வளவு பெரியதென்று உறைக்கும். மூன்றாவது சீசனில் அரசு நட்டஈடு கொடுத்து நிலத்தை எடுக்கப் பார்க்கும். இலங்கையில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் காணி சுவீகரிப்பு போன்றதே அது. ஐந்தாவது சீசனில் பேசப்படும் ஏற்பாடு வேறு: நிலம் உரியவரிடமே இருக்கும், அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுப்பார்.

கூலியாட்கள் தங்கும் கொட்டகைக் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்கள் உன்னிப்பாகப் பார்க்கவேண்டிய இடம் அதுதான். வரிசையாகக் கட்டில், நடுவே சீட்டாட்ட மேசை. மாட்டுக்குப் போடும் அதே 'ஒய்' சூட்டுக்குறி சிலரின் நெஞ்சிலும் பதிந்திருக்கும். உயிரைக் கொடுத்து அந்த நிலத்தைக் காக்கிற அவர்கள் பேரில் ஒரு பேர்ச்கூட இல்லை.

மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும்; நாலைந்து எபிசோடை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வையுங்கள். போன் திரைக்கு 480p படத்தரம் தாராளம்.

அதே குடும்பத்தின் இன்னொரு முற்காலக் கதையான '1923' தொடர் கடைசியாக வரட்டும். மேய்ச்சல் புல்லுக்காக ஆட்டுக்காரர்களும் மாட்டுக்காரர்களும் மோதுவதில் தொடங்குகிறது. முதல் எபிசோடைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.