அணுமின் நிலையச் சொற்பட்டியல்: அகர வரிசையில் தொடங்காதீர்கள்

அணுமின் நிலையத்தின் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்டுக்குச் சொற்பட்டியல் தயாரிக்கிறீர்களா? பெயர்தான் மிரட்டும். நிலையம் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருப்பதாகக் காகிதம் சொல்கிறது, நிஜத்தில் எப்படி இருக்கிறது: மூன்றும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். சர்வதேச அணுசக்தி முகமை 2003-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்த மூன்றுதான் அடிப்படை.

எனவே சொற்களைப் பிரிக்க முதலில் எக்செல்லில் மூன்று நெடுக்குப் பத்திகள் போடுங்கள்: தேவை, ஆவணம், பொருள். வடிவமைப்பு அடிப்படை முதலாவதற்குப் போகும். குழாய் வரைபடம், இயக்கக் கையேடு இரண்டாவதற்கு. பம்ப், வால்வு, கேபிள் மூன்றாவதற்கு. கூடவே அந்த வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற நிலையும் அங்கேதான். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து. அவசர நீரூட்டக் குழாய்களில் இரண்டு வால்வுகள் திறந்திருக்க வேண்டும். மூடிக் கிடந்தன. பம்புகள் ஓடின, நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் போகவில்லை. பேனலில் ஒரு வால்வின் விளக்கைப் பராமரிப்பு அட்டை மறைத்துக்கொண்டு தொங்கியது. கண்டுபிடிக்க 8 நிமிடம் ஆனது. (விபத்தின் பெரிய காரணம் இதுவல்ல, உலை நீரின் அழுத்தத்தைக் காக்கும் தொட்டியான பிரஷரைசரின் நிவாரண வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டதுதான்.)

மூன்றிலும் அடங்காமல் சரிபார்ப்பு, ஒப்புதல், மாற்றம் என்று சில சொற்கள் மிஞ்சும். இவை செயல்கள், நாலாவது பத்தி போடுங்கள். இதில் 'மாற்றம்'தான் தலைவலி. பழுதான பம்பைக் கழற்றி அதே மாடலை மாட்டினாலும் 'மாத்தியாச்சு' என்போம், வேறு மாடலை மாட்டினாலும் அதேதான். முதலாவதில் வரைபடத்தைத் தொட வேண்டியதில்லை. இரண்டாவதில் வடிவமைப்பையே மறுபடி பார்க்க வேண்டும். அதனால் 'அதே வகை மாற்றீடு', 'வடிவமைப்பு மாற்றம்' என்று பிரித்து எழுதுங்கள். இரண்டு முனைகளை இணைக்க நாலு நாளைக்குப் போடும் ஜம்பர் வயர் 'தற்காலிக மாற்றம்'. எடுக்க வேண்டிய தேதியும் அதன் வரையறைக்குள் வர வேண்டும்.

அப்புறம், உதாரணங்களில் 'பெரிய பம்ப்' என்று எழுதாமல் நிலையத்தின் குறியீட்டையே போடுங்கள். ஜெர்மனியில் உருவான கே.கே.எஸ். என்ற மின்நிலையக் குறியீட்டு முறையில் எல்.ஏ.சி. என்றால் நீரூட்டப் பம்ப் அமைப்பு, ஏ.பி. என்றால் பம்ப், ஏ.ஏ. என்றால் வால்வு.

கடைசியாக, பத்துச் சொற்களை ஒரு ஆபரேட்டரிடமும் வரைபடப் பிரிவில் ஒருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்துப் பத்தி பிரிக்கச் சொல்லுங்கள். 'ஆஸ்-பில்ட்' (கட்டி முடித்தபடி) என்ற சொல்லை ஒருவர் பொருளில் வைப்பார், மற்றவர் ஆவணத்தில். 'ஆஸ்-பில்ட் வரைபடம்' என்று முழுசாக எழுதிவிட்டால் அந்தச் சண்டை தீரும்.