பிராங்க்ஸ் ஜூவில் ஹாலோவீன்: முதல்முறை போகும் குடும்பங்களுக்கு

நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்கு அக்டோபரில் வரும் சந்தேகம் இது: குழந்தைகள் வேஷம் போட்டு மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் கேட்கிறார்கள், எங்கே கூட்டிப்போவது? பேய் வீடெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் ஜூ என்ற விலங்குக் காட்சிசாலையில் நடக்கும் 'பூ அட் த ஜூ' என்ற ஹாலோவீன் நிகழ்ச்சி பகலில் நடப்பது, பயமுறுத்தாதது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போகலாம்.

1. நாளும் டிக்கெட்டும்

செப்டம்பர் கடைசி வாக்கில் தொடங்கி அக்டோபர் முடிய, பெரும்பாலும் வார இறுதிகளில் நடக்கும். அந்த வருடத்துத் தேதிகளை ஜூவின் தளத்தில் பார்த்துவிட்டு ஆன்லைனிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். நாளைப் பொறுத்து விலை மாறும். இரண்டு வயதும் அதற்குக் கீழும் இலவசம். ஹாலோவீன் நிகழ்ச்சிகளுக்கென்று தனி டிக்கெட் தேவையில்லை.

புதன்கிழமைகளில் முன்பதிவு செய்தால் இலவச அனுமதி கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஹாலோவீன் கொண்டாட்டம் வேண்டுமென்றால் வார இறுதியில்தான் போகவேண்டும். அதிலும் அக்டோபர் தொடக்கம் நல்லது. குளிரும் குறைவு, கூட்டமும் குறைவு.

2. வேஷம்

அக்டோபர் கடைசியில் பகலிலேயே 15 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் இருக்கும். காற்று அடித்தால் அதுவும் இல்லை. இளவரசி கவுனுக்கு மேல் ஜாக்கெட் போட்டால் கவுன் தெரியாது, ஜாக்கெட் இல்லாவிட்டால் சளி பிடிக்கும். அதனால் உடையை ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே தெர்மலும் ஸ்வெட்டரும் போட்டுவிடுங்கள். காலுக்கு எப்போதும் போடுகிற ஷூ. 265 ஏக்கர் இடம், கண்ணாடிச் செருப்பெல்லாம் தாங்காது.

பெரியவர்கள் முகத்தை முழுக்க மூடும் முகமூடி போடுவதையும், பொம்மைத் துப்பாக்கி, வாள் கொண்டுவருவதையும் பல ஜூக்கள் அனுமதிப்பதில்லை. வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

காசு செலவழிக்க மனமில்லையா? நம் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குப் போட்ட பாரதியார் வேஷம் இங்கே அபாரமாக எடுபடும். கறுப்புக் கோட்டு குளிர் தாங்கும், தலைப்பாகை காதை மூடும், மீசைக்கு மைப் பென்சில் போதும்.

3. போகும் வழி

கார் என்றால் பார்க்கிங்குக்குத் தனிக் கட்டணம். ஜெர்சி சிட்டியிலிருந்து ரயில் என்றால், நியூ ஜெர்சியையும் நியூயார்க்கையும் இணைக்கும் பாத் (PATH) ரயிலில் வேர்ல்டு டிரேடு சென்டர் வந்து, பக்கத்திலுள்ள பார்க் பிளேஸ் நிலையத்தில் 2-ஆம் எண் ரயில் பிடியுங்கள். வெஸ்ட் ஃபார்ம்ஸ் ஸ்கொயர்–ஈஸ்ட் டிரெமாண்ட் நிலையத்தில் இறங்கினால் ஜூவின் ஏசியா வாசல் நடக்கிற தூரம்தான். வார இறுதியில் ரயில் பாதையை அடிக்கடி மாற்றுவார்கள், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மிட்டாய் முதலில்

காலையில் விலங்குகள், மதியம் மிட்டாய் என்று திட்டமிடுபவர்கள் அதிகம். நான் அதற்கு நேர் எதிர் கட்சி. மிட்டாய் கொடுக்கும் பாதை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று கேட்டுக்கொண்டு, திறந்ததும் போய் நில்லுங்கள். மதியமானால் வரிசை நீளும். அதைவிட முக்கியம், மிட்டாய் வாங்காத பிள்ளை ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் "சாக்லேட் எப்போ?" என்றுதான் கேட்கும், கொரில்லாவைப் பார்க்காது. கையில் சின்னப் பை கொடுத்து, வாங்கி முடித்ததும் ஸ்ட்ரோலருக்கு அடியில் போட்டுவிடுங்கள்.

5. கல்லறையும் காட்டெருதும்

பூசணி செதுக்குவது, வேஷ ஊர்வலம், மேஜிக் எல்லாம் உண்டு. எது கிடைக்கிறதோ பாருங்கள். ஆனால் அழிந்துபோன உயிரினங்களுக்கு வைத்திருக்கும் கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். வழக்கமான எலும்புக்கூட்டு அலங்காரம் மாதிரி தெரியும். ஒவ்வொரு கல்லும் ஒரு இனம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இங்கே பயணிப் புறாவின் கதையைச் சொல்லலாம். வானத்தை மறைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் பறந்த பறவை அது. அதன் கடைசிப் புறாவான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி ஜூவில் இறந்தது.

பிள்ளை முகம் வாடினால் உடனே பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருது மந்தைக்குக் கூட்டிப்போங்கள். அதுவும் இந்தக் கல்லறைக்கு வந்திருக்க வேண்டியதுதான். 1907 அக்டோபரில் இந்த ஜூ தன்னிடமிருந்த 15 பைசன்களை ரயிலேற்றி ஓக்லஹோமாவுக்கு அனுப்பியது. அங்கே அவை பெருகின.

ஹாலோவீனுக்கு ஏற்ற இன்னொரு இடம் 'வேர்ல்டு ஆஃப் டார்க்னஸ்'. 2009-இல் மூடிய இந்த இராவிலங்குக் கூடத்தை 2025-இல் மறுபடி திறந்தார்கள். இருட்டுக்கு பயப்படும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். தாத்தா பாட்டிக்குக் கால் வலித்தால் வைல்டு ஏசியா மோனோரயில் இருக்கிறது. முதுமலையில் பார்க்கிற நம்மூர்க் காட்டெருமையை உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

சாப்பாடு வீட்டிலிருந்தே எடுத்துப்போகலாம். புளியோதரை, தயிர்சாதம், ஃபிளாஸ்க்கில் பால். கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம்.

6. வீட்டுக்கு வந்ததும்

பையைத் தரையில் கொட்டிப் பிரியுங்கள். சைவக் குடும்பமென்றால் கம்மி (gummy) என்ற ரப்பர் மாதிரி மிட்டாய் வகைகள், மார்ஷ்மெலோ, ஸ்டார்பர்ஸ்ட், கேண்டி கார்ன் ஆகியவற்றைத் தனியே வையுங்கள். இவற்றில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. ஸ்கிட்டில்ஸில் கிடையாது. வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் ரீசஸும் ஸ்னிக்கர்ஸும் வெளியே. உறையில் சேர்மானப் பட்டியல் இல்லாத மிட்டாயைக் கொடுக்காமல் இருப்பதே மேல். கெட்டியான உருண்டை மிட்டாய் நாலு வயதுக்குக் கீழே கூடாது, தொண்டையில் சிக்கும். வீட்டில் நாய் இருந்தால் சாக்லேட்டை உயரத்தில் வையுங்கள், அதற்கு அது விஷம்.

அப்புறமும் மிஞ்சியதை திங்கட்கிழமை ஆபீஸுக்கு எடுத்துப்போய் காபி மெஷின் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மதியத்துக்குள் காலியாகிவிடும்.