விடுமுறைக்குச் சிங்கப்பூர் போன நீர்நாய்: பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதை எழுதுவது எப்படி?

கோடை விடுமுறை வந்தால் திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். "கதை சொல்லுங்க அத்தை" என்று பிடித்தால் விடமாட்டார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லித் தேறிய ஒரு கதையை வைத்தே இதை விளக்குகிறேன். இதுவரை ஒரு கதைகூட எழுதாதவர்களும் கூடவே எழுதிப் பார்க்கலாம்.

முதல் படி: துப்பறிவாளர்கள்

இரண்டு பேர் போதும். மிருகத்தின் இயல்பே அதன் திறமையாக இருக்கட்டும். காவிரியில் நீர்நாய்கள் உண்டு. குடும்பமாகத் திரிந்து மீன் பிடிக்கும். கீரிப்பிள்ளையோ வரப்பில் ஒரு பொந்தையும் மோந்து பார்க்காமல் தாண்டாது. என் நீர்நாய்க்கு மதகு என்று பெயர், கீரிக்கு வரப்பு. வரப்பு இளையவன்; மதகை 'அண்ணே' என்பான்.

இரண்டாம் படி: ஊர்

பார்த்தே இராத பனிமலைக்குப் போக வேண்டாம். டெல்டாவில் எத்தனையோ வீடுகளுக்குச் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா இருப்பார். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது: காவிரியில் வாழும் அதே இன நீர்நாய்தான் சிங்கப்பூர் ஆறுகளிலும் கால்வாய்களிலும் வாழ்கிறது. இது தெரிந்த அன்றே எனக்குக் கதை கிடைத்துவிட்டது. மதகு தன் பெரியப்பா வீட்டுக்குப் போகிறான்!

மூன்றாம் படி: முடிவை முதலில் எழுதுங்கள்

யார் செய்தது, எப்படி, என்ன தடயம் விட்டது என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டு பின்னிருந்து முன்னால் வாருங்கள். என் மூன்று வரி இது: ஒரு வீட்டுத் தொட்டியில் கோய் மீன் குஞ்சுகள் காணாமல் போகின்றன. பழி பெரியப்பா குடும்பத்தின் மேல் விழுகிறது. தின்றது சாம்பல் நாரை. சிங்கப்பூர் நீர்நாய்கள் நிஜமாகவே வீட்டுத் தொட்டிகளில் புகுந்து கோய் மீனைத் தின்பதுண்டு. அதனால் அவர்கள் மேல் எழும் சந்தேகம் எளிதில் கலையாது.

நான்காம் படி: துப்பு

இங்கேதான் நிறைய நேரம் செலவழியுங்கள். முதல் தடவை சொன்னபோது துப்பைக் கடைசியில்தான் வெளியே எடுத்தேன். பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் நியாயம்தான், மதகு பார்த்ததை அவர்களும் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு துப்பு வைத்தேன்.

ஒன்று நம் ஊர் அறிவு. நீர்நாய் மீனைக் கடித்துத் தின்னும். கரையில் செதில் சிதறும். நாரை அப்படியே விழுங்கிவிடும். தொட்டி ஓரத்தில் வரப்பு மோந்து பார்க்கிறான், ஒரு செதில்கூட இல்லை.

மற்றது அந்த ஊருக்குப் போனால் மட்டுமே கிடைப்பது. நாரை சாட்சி சொல்கிறது: "காலை 6 மணிக்கு நல்ல வெயில். நீர்நாய்கள் தொட்டியில் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்." டெல்டாப் பிள்ளைகளுக்கு இதில் தப்பே தெரியாது, நமக்கு 6 மணிவாக்கில் விடிந்துவிடும். சிங்கப்பூரிலோ வருஷம் முழுக்கச் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7 மணி ஆகும். ஆகவே சாட்சிக்கு முன்பே, போய் இறங்கிய மறுநாள் காட்சியில், இதை ஒளித்து வைத்தேன்:

"அண்ணே, மணி 6 ஆச்சு, இன்னும் கும்மிருட்டா இருக்கே?"

"நம்ம ஊர்ல இப்ப மூன்றரைதான்டா. தூங்கு."

நேர வித்தியாசம் இரண்டரை மணி என்பதால் பிள்ளைகள் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். துப்பைச் சிரிப்புக்குள் வைத்தால் கண்ணில் படும், கவனத்தில் நிற்காது.

ஐந்தாம் படி: சந்தேகம்

நாரையோடு ஒரு பூனையையும் உடும்பையும் சேருங்கள். மூன்றுக்கு மேல் போனால் சின்னவர்கள் குழம்புவார்கள். நாரைக்குத் தண்டனை வேண்டாம். மீன் தின்பது அதன் பசி. பொய் சொன்னதற்குப் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டால் போதும்.

கடைசிப் படி: வாய்விட்டுப் படியுங்கள்

விடைக்கு முந்தைய வரியில் நிறுத்தி, "யாரு?" என்று கேளுங்கள். எல்லோரும் சட்டென்று சொல்லிவிட்டால் துப்பை இன்னும் கொஞ்சம் மறையுங்கள். ஒருவருக்குமே வராவிட்டால் முன்பகுதியில் இன்னொரு தடவை காட்டுங்கள். போன மே மாதம் நான் நிறுத்தியபோது திண்ணையில் சத்தமே இல்லை. பிறகு இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அத்தை, அந்த ஊர்ல 6 மணிக்கு இருட்டுன்னுதானே வரப்பு சொன்னான்?"