ஹப்பில் துருப்பிடித்து இறுகிய பிரேக் டிஸ்க்கைக் கழற்றும் முறை

பிரேக் டிஸ்க், சக்கரம் பொருத்தப்படும் சுழலும் பாகமான ஹப்பின் மையக் கழுத்தின் மீது கையாலேயே வழுக்கி அமரும் அளவுக்குத்தான் கடையப்பட்டிருக்கும். அதை இறுக்கிப் பிடிப்பவை வீல் போல்ட்டுகளே. அந்தச் சிறிய இடைவெளியில் நீர் புகுந்து துரு வளரும்போது, துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் டிஸ்க் அசையாமல் இறுகிவிடுகிறது. எனவே நாம் வெல்ல வேண்டியது துருவின் பிடியை மட்டுமே. எடுத்த எடுப்பிலேயே கனத்த சுத்தியலால் அறைந்தால், அந்த அடி முழுவதும் பின்னாலுள்ள வீல் பேரிங்கில் இறங்கும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின் மீது அமர்த்துங்கள். துருத்தூள் தெறிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரைக் கழற்றியதும் அதன் குழாயில் பாரம் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். டிஸ்க்கின் முகத்தில் சிறிய திருகு இருந்தால், தலை தேய்ந்துபோகாமல் எடுக்க, சுத்தியலால் தட்டும்போது தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரே ஏற்றது. பின்சக்கரமானால் ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்துங்கள். டிஸ்க்கின் உட்குழியில் பிரேக் ஷூ இருக்கும் வண்டிகளில் அதன் அட்ஜஸ்டரையும் தளர்த்தாவிட்டால், துருவே இல்லாத டிஸ்க்கும் வராது. சில வண்டிகளில் பின் டிஸ்க்கும் பேரிங்கும் ஒரே பாகமாக இருப்பதால், அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

இனி, மையக் கழுத்தைச் சுற்றியும் போல்ட் துளைகளிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, அது ஊற நேரம் கொடுங்கள். முதல் நாள் மாலையே விட்டுவைப்பது இன்னும் நல்லது.

பல டிஸ்க்குகளின் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவை இதற்காகவே வைக்கப்பட்டவை. துருவைச் சுரண்டிவிட்டு, அதே மரையுள்ள போல்ட்டுகளை எண்ணெய் தடவிச் செலுத்தி, ஒன்றைக் கால் சுற்று, மற்றொன்றைக் கால் சுற்று என மாறி மாறி இறுக்கினால், போல்ட்டின் நுனி ஹப்பை உந்த, டிஸ்க் கோணாமல் வெளியே வரும். போல்ட் மிகவும் இறுகினால் மேலும் திருகாமல், டிஸ்க்கின் நடுப்பகுதியைப் போல்ட் துளைகளுக்கு இடையே மிதமாகத் தட்டுங்கள். அழுத்தமும் அதிர்வும் ஒன்றுசேரும்போதுதான் துரு விடும். என் கணிப்பில் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு இதுவே போதும்.

துளைகள் இல்லையென்றால், டிஸ்க்கின் விளிம்பைப் பின்புறத்திலிருந்து தட்டி, சற்றே சுழற்றி, எதிர்ப்புறத்தையும் தட்டுங்கள். அப்படித் தட்டிய டிஸ்க்கை மீண்டும் மாட்டக் கூடாது. திடீரென விடுபடும் டிஸ்க் காலில் விழாதிருக்க, ஒரு வீல் நட்டையோ போல்ட்டையோ சில மரைகள் மட்டும் மாட்டி வையுங்கள். தீயால் சூடாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பேரிங்கின் கிரீஸும் ஏபிஎஸ் சென்சாரும் கெடும், தெளித்த எண்ணெயும் தீப்பிடிக்கும்.

டிஸ்க் வந்த பிறகு ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். அங்கே தங்கும் துருத்துணுக்கு புதிய டிஸ்க்கைச் சற்றே சாய்த்து அமர்த்தும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆட்டம்கூடப் பிரேக் மிதியில் அதிர்வாகத் தெரியும். மையக் கழுத்தில் மட்டும் இறுகாமல் காக்கும் பசையை மிக மெல்லியதாகப் பூசி, புதிய டிஸ்க்கின் காப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டுங்கள். அச்சின் இரு பக்க டிஸ்க்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டிப்படும்வரை மிதியுங்கள். காலிப்பருக்குள் பின்னே தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது.