பாசி என்றால் மணியா, கடல்பாசியா?

பாம்பனில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதினேன். ‘விடியுமுன்னே அம்மா பாசி எடுக்கப் போனாள்’ என்று ஆரம்பிக்கும். எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் கருத்துச் சொல்லும் எங்கள் வாசிப்புக் குழுவில் இருக்கும் கோயம்புத்தூர் அக்கா, மூன்றாம் பக்கம் வரைக்கும் அந்த அம்மா பாசிமணி விற்கிறவள் என்றே நினைத்துப் படித்திருக்கிறார். எங்கள் பக்கத்துச் சின்னப்பாலம் ஊர்ப் பெண்கள் விரலில் துணி சுற்றி, கடலில் முங்கி எடுக்கும் பாசி அவர் மனசில் வரவே இல்லை. நான் நாற்பது தடவை படித்தும் கண்ணில் படாத இடம் அது. அதனால்தான் குழந்தைகளுக்கு எழுதுகிற எல்லாரையும் ஒரு குழுவில் சேரச் சொல்கிறேன்.

நம் கடற்கரையில் பக்கத்திலேயே ஆள் கிடைப்பது கஷ்டம். அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார்; இப்போது தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட சங்கங்களின் கூட்டங்களிலும் புத்தகத் திருவிழாக்களிலும் பேசிப் பழகுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும், மாதம் ஒருமுறை போனிலேயே கூடலாம்.

ஒரே வயசுப் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களாகப் பாருங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை மடித்தால் 16, 16ஆக வரும் கணக்கு அது. அதற்குள் பாதிக் கதையைப் படம் சொல்லிவிடும். பெரியவர்களுக்கு நாவல் எழுதுகிறவர் இது தெரியாமல், ‘கடலை இன்னும் வர்ணிக்கலாமே’ என்பார்.

சேர்ந்ததும் உங்கள் கதையை எடுத்து நீட்டாதீர்கள். முதல் இரண்டு கூட்டம் மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். ‘நல்லாருக்கு’ என்பது யாருக்கும் உதவாது. எந்த வரியில் கவனம் சிதறியது, எங்கே அடுத்த பக்கம் புரட்டத் தோன்றியது என்று சொல்லுங்கள். அவர் வரியை நீங்கள் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டாம், அது அவர் பிள்ளை.

உங்கள் முறை வரும்போது ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். எந்த வயசுக்கு என்றும், உங்களுக்குச் சந்தேகமான இரண்டு இடங்களையும் மேலே குறியுங்கள். கூட்டத்தில் இன்னொருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்குகிற இடத்தில்தான் வீட்டில் கதை வாசிக்கிற அம்மாவுக்கும் தடுக்கும். குழுவில் எல்லாரும் பேசி முடிக்கும் வரை வாயே திறக்காதீர்கள், நோட்டில் எழுதுங்கள். புத்தகத்தோடு நீங்கள் வீடுவீடாகப் போய் விளக்கம் சொல்ல முடியாதே!

சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் மாற்றுவேன். ‘முங்கி’யை ‘மூழ்கி’ ஆக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் முங்கித்தான் குளிக்கிறார்கள்.

நான் முதலில் சேர்ந்த குழுவில் சந்திப்பிழை தவிர வேறெதுவும் பேசமாட்டார்கள். மூன்று மாதம் எழுதவே கை வரவில்லை. நன்றி சொல்லி விலகினேன். உங்களுக்கும் அப்படி ஆனால் தயங்காமல் விலகுங்கள்.

பாசிக் கதைக்கு அடிக்குறிப்பு போடவில்லை. ஆரம்பத்தை மாற்றினேன்: ‘அம்மா விரலில் துணி சுற்றினாள். விடியுமுன்னே கடலில் முங்கிப் பாசி எடுக்கணும்.’ அடுத்த கூட்டத்தில் அதை அந்தக் கோயம்புத்தூர் அக்காவையே வாசிக்கச் சொன்னேன். ‘துணி எதுக்கு, பாறை கிழிக்குமா?’ என்று கேட்டார்.