கர்ப்ப காலத்தில் சத்து மாத்திரை: அட்டையின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

மருந்துக் கடையில் பதினோரு வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் ஒரு டப்பாவைக் காட்டி, "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். "வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் "வேறு ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், முடி கொட்டுகிறது என்று ஆரம்பித்த மாத்திரை, யாரோ வாங்கித் தந்த மீன் எண்ணெய் கேப்சூல், புரதப் பவுடர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இவற்றை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை. அதனால் மருத்துவரிடமும் சொல்வதில்லை.

அதனால் முதல் வேலை இது. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் அட்டையையும் மேஜைமேல் பரப்புங்கள். முன்பக்கத்தில் இருக்கும் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு தாளில் மாத்திரைகளின் பெயரை எழுதாமல் சத்துகளின் பெயரை எழுதுங்கள்: வைட்டமின் ஏ, டி, ஃபோலிக் ஆசிட், இரும்பு, கால்சியம், அயோடின், பி6, பி12. ஒவ்வொரு மாத்திரையிலும் எது எவ்வளவு இருக்கிறதோ, அதை அந்தந்தப் பெயருக்கு நேராக எழுதிக் கூட்டுங்கள். "இரண்டு கேப்சூலுக்கு" என்று சிறிய எழுத்தில் அளவு போட்டிருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

ஒரு பெண் இப்படி எழுதிக்கொண்டு வந்தாள். மல்டிவைட்டமினில் வைட்டமின் ஏ 2,500 ஐ.யு. (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு), முடிக்கான மாத்திரையில் 5,000, காட் லிவர் எண்ணெயில் 4,000. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமாக இல்லை. கூட்டினால் 11,500. கர்ப்பிணிகளுக்கு ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ ஒரு நாளைக்கு 10,000 ஐ.யு.வை, அதாவது 3,000 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அதிகமானால் குழந்தையின் இதயம், முகம், மூளை உருவாகும் விதத்தையே பாதிக்கக்கூடியது அது. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழாவது வாரம். இரண்டு டப்பாவை அன்றைக்கே ஒதுக்கி வைக்கச் சொல்லி, தாளோடு மருத்துவரிடம் அனுப்பினேன். பீட்டா கரோட்டின் என்று போட்டிருந்தால் இந்தப் பயம் இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினைல் அசிடேட் என்ற பெயர்களைத்தான் தேட வேண்டும். ஈரலிலும் ரெட்டினால் மிக அதிகம். அதைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, எது கட்டாயம் வேண்டும்? ஃபோலிக் ஆசிட். தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, முதல் 12 வாரம் தவறாமல். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாளில் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, மருத்துவரிடம் நேரம் வாங்கிப் போவதற்குள் அந்த 28 நாள் முடிந்திருக்கும். குழந்தை வேண்டும் என்று நினைக்கிற அன்றைக்கே இதைத் தொடங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான். ஏற்கெனவே கர்ப்பம் உறுதியாகிவிட்டது, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராமிலும் கிடைக்கிறது, 5 மில்லிகிராமிலும் கிடைக்கிறது. 5 என்ற எண் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம், அப்படியானால் அது பன்னிரண்டரை மடங்கு. முந்தைய கர்ப்பத்தில் நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்தவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அந்தப் பெரிய அளவை எழுதித் தருவார். 1991-இல் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வில், முன்பு அப்படிப் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தபோது அதே குறை மறுபடியும் வருவது 72 சதவீதம் குறைந்தது. அவ்வளவு பெரிய நன்மை. ஆனால் அது தேவைப்படுபவர்களுக்கு. பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்டாள் என்று 5 மில்லிகிராமை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். பி12 குறைவாக இருப்பவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் அதிகமானால், ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டிய குறை மறைந்துபோய், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே வளரும். முழு சைவமாக இருப்பவர்கள் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து இரும்பு. இரும்பும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்து, தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரத்தசோகை இருந்தால் மருத்துவர் கூட்டுவார். அட்டையில் "ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மி.கி." என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அது முழுச் சேர்மத்தின் எடை. அதிலுள்ள இரும்பு மட்டும் ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஃபெரஸ் குளுகோனேட் 300 மி.கி. என்றால் சுமார் 35 தான். "எலிமென்டல் அயன்" என்று எழுதியிருக்கும் எண்ணைத்தான் உங்கள் தாளில் எழுத வேண்டும். இரும்பு சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. ஆனால் தாரைப்போல் ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மலச்சிக்கலும் குமட்டலும் வந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் சொல்லுங்கள். வேறு வகை இரும்பு மாத்திரை, குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பல வழி இருக்கிறது.

எதை எப்போது சாப்பிடுவது என்பதில் நானே தவறினேன். எனக்கு தைராய்டு உண்டு. முதல் கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்தில் காலையில் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. விடியற்காலை தைராய்டு மாத்திரையைப் பதினொரு மணிக்குத் தள்ளினேன். அந்த நேரத்துக்குத்தான் இரும்பும் கால்சியமும். மூன்றையும் ஒரே உள்ளங்கையில் வைத்து விழுங்கினேன், ஐந்து வாரம். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது, அதாவது உடம்பில் தைராய்டு ஹார்மோன் போதவில்லை. "மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையிலுள்ள தைராக்சின் ஹார்மோனைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்று கடையில் ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராய்டு ஹார்மோன்தான் ஆரம்ப மாதங்களில் துணை என்பதும் எனக்குத் தெரியும். அன்றிரவு தூங்கவில்லை.

மறுநாள் ஒரு தாளில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். காலை 6: தைராய்டு, வெறும் தண்ணீர். 7: காலை உணவு, டீ வேண்டுமென்றால் அப்போதே. 11: இரும்பும் ஃபோலிக் ஆசிடும், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு. மதியம் 1.30: சாப்பாட்டோடு கால்சியம். இரவு 8.30: சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்டார். காலையில் வாந்தி அடங்காத நாளில் தைராய்டை இரவு படுக்கும்போது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம் என்றும், அன்றைக்கு இரவுக் கால்சியத்தை விட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

தைராய்டு இல்லாதவர்களுக்கும் இந்தத் தாள் உதவும். கால்சியம் இரும்பை உள்ளே போக விடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். டீயும் காபியும் அப்படித்தான், இரும்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டும் இரும்பைக் கெடுக்கும். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும், எலுமிச்சை அதற்குத்தான். கால்சியத்தை ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்குமேல் உடம்பு சரியாக எடுக்காது, அதனால் பிரித்துப் போடுவது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு.

முதல் மூன்று மாதம் மல்டிவைட்டமினைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றால், அதிலுள்ள இரும்புதான் பெரும்பாலும் காரணம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சில வாரம் ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுக்கலாம். குமட்டலுக்கு பி6 எழுதித் தந்தால் அதையும் தாளில் சேருங்கள். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் உச்ச வரம்பு. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் கைகால் மரத்துப்போகும்.

வைட்டமின் டி 400 முதல் 600 ஐ.யு. போதும் என்பது பொதுவான கணக்கு. குறைபாடு இருந்தால் கூடுதலாகத் தருவார்கள், மருத்துவர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்ட வேண்டாம். கம்மி மிட்டாய் வடிவத்தில் வரும் வைட்டமின்களில் பெரும்பாலும் இரும்பு இருக்காது, அதை நம்பி இரும்பை விட்டுவிடாதீர்கள். முடி, நகத்துக்கான மாத்திரைகளில் பயோட்டின் நிறைய இருக்கும். அது தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டும், ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். மூலிகை கலந்தது என்று போட்டிருப்பதை நான் கர்ப்பிணிகளுக்கு எடுத்துத் தருவதில்லை. "இயற்கையானதுதானே" என்று வற்புறுத்தினாலும் மருத்துவரைக் கேட்டு வரச் சொல்லிவிடுவேன்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள். தாளை ஒவ்வொரு பரிசோதனைக்கும் கொண்டுபோங்கள். புது மாத்திரை எழுதினால் அங்கேயே, அவர் எதிரிலேயே கூட்டிப் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே சின்னக் குழந்தை இருந்தால் இன்னொன்று. இரண்டாவது முறை நான் கர்ப்பமாக இருந்தபோது என் மகளுக்கு இரண்டரை வயது. சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு பளபளக்கும் இரும்பு மாத்திரையைக் காட்டி "மிட்டாய்" என்றாள். இரும்பு சின்னக் குழந்தைகளின் உயிரையே எடுக்கக்கூடிய மருந்து. அன்றைக்கே பூட்டுள்ள அலமாரிக்கு மாற்றினேன், கைப்பையில் வைத்திருந்த அட்டையையும் சேர்த்து. அப்படிக் குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காதீர்கள். முதலில் வந்த வாந்தி நின்று தெளிந்ததுபோல் இருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்துத்தான் நிலைமை மோசமாகும். வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மீதி இருக்கும் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இரும்பு என்று அந்த அட்டையைப் பார்த்துத்தான் அவர்கள் கணக்குப் போடுவார்கள்.